பட்டியல் மரமான கதை

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பது ஒரு பெரிய தொல்லை. நாவலில் இருபது பாத்திரங்கள் வருகிற வரையில் எப்படியோ பிழைத்துக் கொள்ளலாம். ராமு, சோமு, கோமளம், பங்கஜம் என்று வைத்துக்கொண்டே போகலாம். நாற்பதைத் தாண்டினால்தான் ஆபத்து. மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு ராமு வந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வரும். ஒரே கதையில் இரண்டு ராமு வந்தால் வாசகர் மன்னிக்க மாட்டார்.

ஆனால் உலகத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு ராமு என்ன, இரண்டாயிரம் ராமு இருக்கிறார்கள். ஒரு குழப்பமும் இல்லை. ஊரில் 'மேலத்தெரு ராமசாமி' என்பார்கள், 'மில் ராமசாமி' என்பார்கள், தீர்ந்தது விஷயம். சங்கப் புலவர் ஒருவருடைய பெயர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். முதலில் ஊர், பிறகு தொழில், பிறகு தகப்பனார், கடைசியில் பிள்ளை! பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெட்டி, அதைத் திறந்தால் இன்னொரு பெட்டி என்று போய்க் கடைசிப் பெட்டியில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஜனங்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்துவந்த இந்தக் காரியத்தை, கம்ப்யூட்டர் உலகம் மிகுந்த சிரமத்துக்குப் பிறகு, 1983-ல், கற்றுக்கொண்டது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கணக்கோடு எனக்கு இருந்த உறவு கல்லூரியின் முதல் இரண்டு வருஷத்தோடு அறுந்துவிட்டது. ஆகையால் பயப்பட வேண்டாம். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் 'டிக்ஷனரி' என்று ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் அகராதியைப் போலத்தான். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்கு உரிய பொருள். இடப்பக்கத்துச் சொல்லுக்குச் 'சாவி' என்று பெயர். சாவியைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். 'வீடு.கூடம்.விளக்கு' என்று ஒரு சாவி. அதற்கு எதிரே 'எரிகிறது'. 'வீடு.சமையலறை.விளக்கு' என்று இன்னொரு சாவி, எதிரே 'அணைந்திருக்கிறது'. இப்படியே ஆயிரம் வரி இருந்தாலும் எல்லாம் ஒரே தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பது போல வரிசையாகக் கிடக்கும். இது தட்டைப் பட்டியல்.

இதை அடுக்காக மாற்றுவது எப்படி? சாவியைப் புள்ளி இருக்கும் இடங்களில் வெட்ட வேண்டியது. முதல் துண்டு 'வீடு'. அந்தப் பெயரில் பெட்டி இருந்தால் அதற்குள் போ. இல்லாவிட்டால் ஒரு பெட்டி செய்து வை. அடுத்த துண்டு 'கூடம்'. மறுபடியும் அதே காரியம். கடைசித் துண்டு வந்ததும் பொருளை அங்கே வைத்துவிட்டுத் திரும்பு. எல்லாச் சாவிகளுக்கும் இப்படிச் செய்தால், தரையில் கிடந்த பட்டியல் எழுந்து நின்று கிளைவிட்ட மரமாகிவிடும். பழகியவர் பத்து வரியில் எழுதிவிடுவார்.

அப்படியானால் சரித்திரம் எங்கே வந்தது? சொல்கிறேன்.

1969-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு முதன்முதலாகப் பேசியது. அமெரிக்க ராணுவத் துறையின் பணத்தில் நடந்த ஆர்பாநெட் என்ற வலைத்தொடரின் பிறப்பு அது. அந்த வருஷக் கடைசியில் தொடரில் இருந்தவை நாலே நாலு நிலையங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் பெயருக்கு என்ன பஞ்சம்?

ஆனால் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தெரிவது எண்தான். பெயர் மனிதருடைய சௌகரியத்துக்கு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒவ்வொரு நிலையமும் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. இவர்கள் பட்டியலில் ஒரு இயந்திரத்துக்கு ஒரு பெயர். அவர்கள் பட்டியலில் அதற்கே வேறு பெயர். 1971-ல் பெக்கி கார்ப் என்ற பெண்மணி, எல்லாரும் ஒரே பெயரைப் பயன்படுத்துவோம் என்று ஒரு குறிப்பு எழுதினார். 1973 டிசம்பரில் பீட்டர் டாயிச் என்பவர், ஆளுக்கொரு பட்டியல் வைத்து ஆளுக்கொரு முறை திருத்துவது என்ன கூத்து, ஓர் இடத்தில் ஒரே பட்டியல் இருக்கட்டும், எல்லாரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அடுத்த வருஷமே அது நடைமுறைக்கு வந்தது. இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு எல்லாரும் குறை சொன்ன அந்த ஒற்றைப் பட்டியல், பிறந்தபோது ஒரு சீர்திருத்தமாகத்தான் பிறந்தது.

பட்டியலைக் காக்கும் பொறுப்பு, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தின் தகவல் நிலையத்திடம் வந்தது. அதன் தலைவி எலிசபெத் ஃபைன்லர். 1931-ல் பிறந்தவர். படித்தது ரசாயனம். படிப்புக்கு நடுவே, உலகத்திலுள்ள ரசாயனப் பொருள்களுக்கெல்லாம் அட்டவணை போடும் நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனார். போன இடத்தில் ரசாயனத்தைக் காட்டிலும் அட்டவணை பிடித்துவிட்டது! ரசாயனப் பெயர்கள் எப்படிப்பட்டவை என்று தெரியுமல்லவா? பெயரைப் பிரித்தால் பொருளின் அமைப்பே உள்ளே இருக்கும். அப்படிப்பட்ட பெயர்களோடு பழகிய கை, 1972 முதல் 1989 வரை வலைத்தொடரின் தகவல் வேலையில் இருந்தது.

புதிதாக ஒரு கம்ப்யூட்டரைத் தொடரில் சேர்க்க வேண்டுமா? அந்த நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள், அந்தப் பெயர் வேறு எவருக்கும் இல்லை என்று பார்த்துப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். வாரத்துக்கு ஓரிரு தடவை புதுப் பட்டியல் தயாராகும். நாடு முழுவதும் உள்ள கம்ப்யூட்டர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பார்ப்போம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இயந்திரங்கள் எம்ஐடி-ஏஐ, எம்ஐடி-எம்எல், எம்ஐடி-டிஎம், எம்ஐடி-எம்சி என்று இருந்தன. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்து இயந்திரங்கள் யுஎஸ்சி-ஐஎஸ்ஐஏ, யுஎஸ்சி-ஐஎஸ்ஐபி, யுஎஸ்சி-ஐஎஸ்ஐசி என்று வரிசையாகப் போயின. தட்டைப் பட்டியல்தான், சட்டப்படி ஒவ்வொன்றும் ஒரே சொல், உள்ளே இருக்கும் சிறு கோட்டுக்கு இயந்திரத்தின் கண்ணில் ஓர் அர்த்தமும் கிடையாது. ஆனால் மனிதர் கண்ணில்? பல்கலைக்கழகம், அதற்குள் கழகம், அதற்குள் மூன்றாவது இயந்திரம். மேலத்தெரு ராமசாமி அல்லவா இது! ஜனங்கள் தாமாகவே பெட்டிக்குள் பெட்டி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டியலுக்குத்தான் அது தெரியவில்லை.

தட்டையான சாவிகள் நீளமாகி, நடுவில் கோடும் புள்ளியும் முளைக்கத் தொடங்கினால், மரம் ஒன்று உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

1981 ஆகஸ்டில் தொடரில் 213 கம்ப்யூட்டர்கள் இருந்தன. 1983 ஆகஸ்டில் 562. பெரிய எண் இல்லை என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 213 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றும் 213 வரிப் பட்டியலை இறக்கிக்கொண்டால், மொத்தம் 45,369 வரி தொடரில் போக வேண்டும். 562 கம்ப்யூட்டர்கள் 562 வரிப் பட்டியலை இறக்கிக்கொண்டால் 3,15,844 வரி. கம்ப்யூட்டர்கள் இரண்டரை மடங்கு கூடினால் பாரம் ஏழு மடங்கு கூடுகிறது. கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவரும், வந்திருக்கிற எல்லாருக்கும் தனித்தனியே நமஸ்காரம் சொல்லியாக வேண்டும் என்றால் முகூர்த்தம் எப்போது நடக்கும்?

அதைவிடப் பெரிய தொல்லை பெயர்ச் சண்டை. ஓர் ஊரில் ஒருவர் நல்ல பெயர் ஒன்றைப் பிடித்துவிட்டால், உலகத்தில் வேறு யாரும் அந்தப் பெயரைத் தொட முடியாது. இன்னொன்று: பாஸ்டனில் ஒரு கம்ப்யூட்டரை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றி எண் மாறிவிட்டால்கூட, மூவாயிரம் மைலுக்கு அப்பால் கலிபோர்னியாவில் ஓர் அலுவலகம் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்கிற வரையில், அந்த இயந்திரம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இந்த இடத்தில்தான் ஜான் போஸ்டல் வருகிறார். நீண்ட தாடியும் காலில் செருப்புமாக, ரிஷியைப் போலத் தோற்றம் கொண்டவர். மேலே சொன்ன தகவல் அறிவியல் கழகத்தில் வேலை பார்த்தவர். வலைத்தொடரின் எண்களையெல்லாம் கணக்கு வைத்திருந்தவர் அவர். 1982 ஆகஸ்டில் அவரும் ஜா-சிங் சூ என்பவரும், பெயர்களைக் கிளை கிளையாகப் பிரிக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். வேறு சிலரும் வேறு வேறு யோசனை சொன்னார்கள். போஸ்டல் தம் கழகத்தில் இருந்த பால் மோகபெட்ரிஸ் என்ற வாலிபரைக் கூப்பிட்டு, இந்த யோசனைகளுக்கெல்லாம் ஒரு சமரசம் கண்டுபிடி என்றார். சமரசம் செய்யப் போனவர் எல்லா யோசனைகளையும் ஓரமாக வைத்துவிட்டுத் தாமே புதிதாக ஒன்று செய்துகொண்டு வந்தார். 1983 நவம்பரில் அது இரண்டு குறிப்புகளாக வெளிவந்தது. அதற்காக அவர் எழுதிய முதல் புரோகிராமின் பெயர் ஜீவ்ஸ். வுட்ஹவுஸ் படித்தவர்கள் புன்னகை செய்யலாம். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் வேலைக்காரரை அவர்களுக்குத் தெரியும்.

மோகபெட்ரிஸ் செய்தது என்ன? பெயரைப் புள்ளிகளில் வெட்டினார். யுஎஸ்சி-ஐஎஸ்ஐசி என்று ஒட்டிக்கொண்டிருந்தது சி.ஐஎஸ்ஐ.ஈடியு என்று பிரிந்தது. ஈடியு என்பது கல்வி நிலையங்களின் பெரிய பெட்டி, அதற்குள் ஐஎஸ்ஐ, அதற்குள் சி. ஒரு துண்டு 63 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முழுப் பெயரும் 255-க்குள் அடங்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் அடுக்கு கட்டும்போது வழக்கமாக இடறுகிற ஒரு இடம் உண்டு. 'வீடு' என்ற சாவிக்கு எதிரே ஒரு பொருளும் இருக்கிறது, 'வீடு.கூடம்' என்று உள்ளேயும் ஒன்று இருக்கிறது. இப்போது 'வீடு' பெட்டியா, பொருளா? மோகபெட்ரிஸின் மரத்தில் இந்தச் சங்கடம் இல்லை. அதில் ஒவ்வொரு கணுவும் இரண்டுமாக இருக்கலாம். தனக்கென்று சில விவரங்களையும் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளையும் பெறலாம். குடும்பத் தலைவருக்கும் சொந்தமாக ஒரு சட்டைப் பை உண்டல்லவா, அதுபோல.

ஆனால் இதெல்லாம் அமைப்பின் சாமர்த்தியம். விஷயத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. மரத்தை அவர் ஓர் இடத்தில் வைக்கவில்லை. ஒவ்வொரு கிளையையும் அதன் சொந்தக்காரரிடமே ஒப்படைத்தார். ஈடியு பெட்டியை வைத்திருப்பவருக்கு உள்ளே இருக்கும் இயந்திரங்களின் பெயர் தெரிய வேண்டியதில்லை. 'ஐஎஸ்ஐயைப் பற்றி அந்த வீட்டிலேயே கேள்' என்று வழி சொன்னால் போதும். ஐஎஸ்ஐ தன் வீட்டில் ஒரு வீனஸ் வைத்துக்கொள்ளலாம். எம்ஐடியும் ஒரு வீனஸ் வைத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். பாஸ்டனில் அறை மாறினால் பாஸ்டனிலேயே பதிந்துகொண்டால் ஆயிற்று.

தட்டைப் பட்டியலுக்கு ஓர் எஜமான் இல்லாமல் தீராது. பெயர் இரட்டிக்கிறதா என்று பார்க்க முழுப் பட்டியலும் ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். மரத்தில்தான் அவரவர் கிளைக்கு அவரவர் பொறுப்பாக இருக்க முடிகிறது.

மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பழைய பெயர்களுக்கெல்லாம் பின்னால் முதலில் 'ஆர்பா' என்ற ஒரே வாலைக் கட்டினார்கள். பெரிய பெட்டி ஒன்று. உள்ளே பழைய பாய் அப்படியே. 1984 அக்டோபரில் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற பெண்மணியும் மேல்கிளைகளை அறிவித்தார்கள். கல்விக்கு ஈடியு, வியாபாரத்துக்குக் காம், அரசாங்கத்துக்குக் கவ், ராணுவத்துக்கு மில், மற்ற அமைப்புகளுக்கு ஆர்க். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்து. பெர்க்லியில் நாலு மாணவர்கள் யூனிக்ஸ் இயந்திரங்களுக்காக இதற்குப் புரோகிராம் எழுதினார்கள். 1985 மார்ச் 15-ஆம் தேதி காம் கிளையில் முதல் பெயரைச் சிம்பாலிக்ஸ் என்ற கம்பெனி பதிவு செய்தது. 1987-ல் மோகபெட்ரிஸ் திருத்தி எழுதிய குறிப்பில் ஓர் உதாரணம் வருகிறது: யுஎஸ்சி-ஐஎஸ்ஐசி.ஆர்பா என்பது ஒரு புனைபெயர் மட்டும். உண்மைப் பெயர் சி.ஐஎஸ்ஐ.ஈடியு. பழைய பெயரைச் சொல்லி வந்தவரையும் கதவைச் சாத்தாமல் உள்ளே அழைத்து, புதுப் பெயரைச் சொல்லி அனுப்பும் மரியாதை அது. அந்த வருஷ டிசம்பரில் தொடரில் இருந்த கம்ப்யூட்டர்கள் 28,174. தட்டைப் பட்டியலோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

நடுவே ஒரு வேடிக்கை. நம் புலவர் பெயரில் ஊர் முதலில், பிள்ளை கடைசியில். அமெரிக்கரின் மரத்திலோ பிள்ளை முதலில், நாடு கடைசியில். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தங்கள் வலைத்தொடரில் நம் பக்கம்! யுகே.ஏசி என்று நாட்டில் தொடங்கி உள்ளே போவார்கள். ஒரே மரம், இவர் வேரிலிருந்து படிக்கிறார், அவர் இலையிலிருந்து படிக்கிறார். கம்ப்யூட்டர் அறிவியல் துறைக்கு 'சிஎஸ்' என்று சுருக்கப் பெயர். பிரிட்டிஷ் முறையில் அது பெயரின் கடைசியில் வரும். மற்றவர் கண்ணில் கடைசியில் வருவது நாடு. 'சிஎஸ்' செக்கோஸ்லோவேகியாவின் இரண்டெழுத்து. பேராசிரியருக்குப் போக வேண்டிய கடிதம் எந்தத் தேசத்துக்கு வழி கேட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கடைசியில் பிரிட்டிஷார்தான் மாற வேண்டியதாயிற்று.

மரத்தால் நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. ஃபைன்லர் அம்மாளின் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடலாம். தொடரில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துகொள்ளலாம். மரம் வந்த பிறகு அந்தப் பார்வை போய்விட்டது. இன்று அப்படி ஒரு முழுப் பட்டியல் உலகத்தில் எவரிடமும் இல்லை. கூட்டுக் குடும்பம் பிரிந்து தனித்தனி வீடானால் சண்டை குறையும். ஆனால் எல்லாரையும் ஒரே பந்தியில் பார்க்கும் பாட்டி இருக்க மாட்டாள்.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதுதான் பெரியது. கிளைகளை எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் வேர் ஒன்றுதான். ஈடியு எங்கே, காம் எங்கே என்று சொல்ல ஒரு வேர்ப்பெட்டி வேண்டும். அது யார் கையில்? 1998 ஜனவரி 28-ஆம் தேதி, போஸ்டல் வேர்ப்பெட்டியின் பிரதிகளை வைத்திருந்தவர்களில் எட்டுப் பேருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இனிமேல் அரசாங்கத்தின் ஒப்பந்தக் கம்பெனியிடமிருந்து பிரதி எடுக்காமல், தம் இயந்திரத்திலிருந்து எடுக்கும்படி சொன்னார். எட்டுப் பேரும் மறுபேச்சின்றி அப்படியே செய்தார்கள்! தாடி வைத்த ஒரு தனி மனிதருடைய வார்த்தைக்கு அத்தனை மதிப்பு. வெள்ளை மாளிகையில் கோபம் மூண்டது. அது ஒரு பரிசோதனைதான் என்று போஸ்டல் சொன்னார். எல்லாம் பழையபடி மாற்றப்பட்டது. அந்த வருஷ இலையுதிர் காலத்தில் வேரைப் பார்த்துக்கொள்ள ஐகான் என்ற அமைப்பு உருவாயிற்று. அக்டோபர் 16-ஆம் தேதி போஸ்டல் காலமானார். அவருக்கு வயது 55. அமெரிக்க அரசாங்கம் தன் மேற்பார்வையை முற்றிலும் விட்டுக்கொடுத்தது 2016 அக்டோபர் முதல் தேதிதான்.

அந்த வேரிலிருந்து 1989-ல் 'இன்' என்ற கிளை இந்தியாவுக்குக் கிடைத்தது. 2010, 2011 ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே கிளைகள் வந்தன. தட்டைப் பட்டியலாக இருந்தால் இதற்குக் கலிபோர்னியாவில் யாராவது ஒருவர் தமிழ் கற்க வேண்டியிருக்கும். மரமானபடியால், அந்தந்த நாட்டார் தம் கிளையைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள்.

சாவியைப் புள்ளியில் வெட்டிப் பெட்டிக்குள் பெட்டி அடுக்குகிற இளைஞர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கே வெட்டுவது என்று யோசிக்கும்போது, எழுத்தைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். இந்தப் பெட்டிக்குள் நாளைக்கு ஒரு பெயர் சேர்க்க வேண்டுமானால் அதை முடிவு செய்கிறவர் யார் என்று கேட்டுக்கொள்ளட்டும். அந்த மனிதர் மாறுகிற இடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். மோகபெட்ரிஸ் வைத்த புள்ளிகள் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் இடம் மாறாமல் இருப்பதற்கு, எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.